எங்கள் தெருவுக்குக் கரை கேட்ட தம்பி

கையில் ஒன்றும் இல்லாமல் ஹூஸ்டனுக்கு வந்தவன் நான். படிப்பு ஆறாம் வகுப்பு. ஹோட்டலில் தட்டுக் கழுவினேன். இன்று ஹில்கிராஃப்ட் சாலையில் இருக்கும் மளிகைக்கடை, பின்னால் உள்ள கிடங்கு, கல்யாண மண்டபம் எல்லாம் நான் எழுப்பியவை. எவரும் கை கொடுக்கவில்லை. ஆனால் நான் ஆளாக்கியதில் பெரியது என் தம்பி.

விருத்தாசலத்தில், எனக்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான்தான் படிக்க வைத்தேன், நான்தான் இங்கே வரவழைத்தேன். இந்த நினைவு மலரில் "அவர்" என்று எழுத வேண்டுமாம். நான் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படி எழுதக் கை வரவில்லை. பெரியவர்கள் பொறுக்க வேண்டும்.

வீடும் நானே பார்த்துக் கொடுத்தேன். ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தால் குடும்பம் விளங்கும் என்று, வடகிழக்கே மழைநீர்க் குளம் உள்ள மனையாகத் தேடினேன். நம் ஆட்கள் அந்த வரிசை முழுவதையும் போட்டி போட்டு வாங்கினார்கள். பெருமழையில் முதலில் மூழ்கியதும் அந்த வரிசைதான்.

தம்பி சேற்றை வாரிக்கொண்டே சிரித்தான்: "அண்ணே, தண்ணியும் வாஸ்து பாத்துத்தான் உள்ள வந்திருக்கு."

குளத்தின் கரையை உயர்த்தவும், தண்ணீரை வெளியேற்றப் பம்பு வைக்கவும் அரசாங்க மானியம் உண்டு. ஆனால் குடியிருப்பவர்கள் வடிகால் வரிக்கு ஒப்புக்கொண்டு வாக்களிக்க வேண்டும் என்றார்கள். கணக்கு வேலை பார்த்த தம்பி, தினமும் வேலை முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினான்.

"டேய், உனக்கு எதுக்குடா இது? கவர்மென்ட் பாத்துக்கும்" என்றேன்.

"நம்ம பங்கை வைக்காம அவங்க பங்கு வராதுண்ணே."

மேட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர் தம்பியிடம் கேட்டார்: "எங்க வீடு ஹை லெவல்ல இருக்கு. உங்க தண்ணிக்கு நாங்க ஏன் டாக்ஸ் கட்டணும்?"

"அது உங்க வீட்டுத் தண்ணிதான் சார். எங்க வீட்டுக்கு அனுப்பாம நீங்களே வச்சுக்கிறீங்களா?"

அவரே பிறகு இவனோடு சேர்ந்து கதவு தட்டினார்.

வெறும் கூட்டம் என்றால் நம் ஜனங்கள் வரமாட்டார்கள். என் மண்டபத்தைத் திறந்துவிட்டேன். வெண்பொங்கல், வடை, பில்டர் காபி எல்லாம் என் பொறுப்பு. சாப்பிட வந்தவர்களை உட்கார வைத்துத் தம்பி பேசினான். வரி நிறைவேறியது, மானியமும் வந்தது.

பம்பு வந்து இறங்கிய வாரம் தம்பிக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓட ஆரம்பிச்சிடுச்சாண்ணே?" என்று கேட்டான். "ஓடுதுடா" என்றேன். அப்போது அது ஓடவில்லை. மறுநாள் தம்பி இல்லை.

இந்த ஆண்டு அதே மாதிரி மழை கொட்டியது. அவன் வீட்டுக்கு ஓடினேன். தரை காய்ந்திருந்தது. வாசலில் அவன் செருப்பு நனையாமல் கிடந்தது. அந்தக் காய்ந்த வீட்டில் உட்கார்ந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

முறை வைத்துச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே நின்ற நண்பர்களுக்கும், பிள்ளைகளைத் தேற்றி நிற்கும் தம்பி மனைவிக்கும் என் கும்பிடு.

ஒன்று கேட்கிறேன். பம்பு வீட்டுப் பலகையில் அதிகாரிகள் பெயர் மட்டும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் சொல்லி, என் தம்பி பெயரைப் போட வையுங்கள். அவன் பெயருக்குக் கீழே என் பெயரும் வர வேண்டும். மண்டபம் கொடுத்தேன் என்பதற்காக அல்ல. அவனை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். அதை எழுதியே ஆக வேண்டும்.