சுண்ணாம்பு காயாத தொழுவம்

அந்த வரைபடத்தை வரைந்தவர் எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம்கூட இருந்ததில்லை. சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்து, தகரக் குழாயில் போட்டு, மலை ரயிலில் அனுப்பிவைத்தார். துணி ஒட்டிய பெரிய காகிதம். பங்களாக்களும் வீடுகளும் இருக்க வேண்டிய இடத்துக்கு ரோஸ் நிறம், கடைவீதிக்கு மஞ்சள், பூங்காவுக்கும் குதிரை ஓடும் மைதானத்துக்கும் பச்சை. மழை பெய்தால் முழங்கால்வரை புதையும் சதுப்பு நிலத்துக்கும் ரோஸ் பூசியிருந்தார். நகரசபையின் புதிய டவுன் பிளான் அதுதான்.

நான் அந்த நகரசபையில் தற்காலிகக் குமாஸ்தா. நீலகிரியில் எந்த நகரசபை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்குச் சங்கடம், எனக்கு அதைவிட அதிகச் சங்கடம்.

ரோஸ் நிறப் பகுதியில் மாடு வளர்க்கக் கூடாது, குதிரை லாயம் கூடாது, விறகுக் கடை கூடாது, உலைப்பட்டறை கூடாது. ஆனால் பிளான் வருவதற்கு முன்பிருந்தே ஒரு தொழில் அங்கே நடந்துகொண்டிருந்தால், அதை நடத்துகிறவர் அப்பீல் செய்யலாம். கமிட்டி நேரில் வந்து பார்த்து, ஆமாம், இது பழைய தொழில்தான் என்று திருப்தி அடைந்தால் விட்டுவிடும். இந்த விதியை என் கையால் மூன்று பிரதிகள் எழுதியிருக்கிறேன். கை எழுதியது. தலைக்குள் எதுவும் போகவில்லை.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர், ஓய்வுபெற்ற இன்ஜினீயர் துரை. இன்னொருவர் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை. மூன்றாமவர் நம்மவர், கோட்டும் தலைப்பாகையுமாக வருவார். தலைவர் தலையை ஆட்டும் திசையில் அவரும் ஆட்டுவார். அதற்காகவே அவரைப் போட்டிருந்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் வரைபடக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பீல் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். ஜனங்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில், சொந்தச் சரக்கு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்பது உத்தரவு.

தலைவர் துரைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காகிதத்தை நம்ப மாட்டார். "பஜாரில் எந்தக் காகிதமும் கிடைக்கும், எத்தனை சாட்சி வேண்டுமானாலும் கிடைக்கும். நான் என் கண்ணை நம்புகிறேன்" என்பார். கண்ணுக்கு எட்டாத இடத்தில் மட்டும் நகரசபைச் சிப்பந்தி ஒருவரின் வார்த்தையை ஏற்றுக்கொள்வார். முதல் நாள் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனபோது, கொல்லர் காய்ச்சலில் படுத்திருந்ததால் பட்டறை பூட்டிக் கிடந்தது. துரை எங்களோடு வந்திருந்த நகரசபைச் சுகாதார மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்து, "இந்த ஆளைத் தெரியுமா?" என்றார். "பத்து வருஷமாத் தெரியும் சார்" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான். அப்பீல் ஏற்கப்பட்டது என்று நானே பதிவேட்டில் எழுதினேன்.

அந்தப் பதிவேட்டில் என் அக்காவின் அப்பீலும் இருந்தது.

மாமா இறந்த பிறகு அக்கா ஐந்து மாடுகளோடு தனியாக இருந்தாள். ஊரின் மேற்கே, சரிவில், முன்னால் வீடு, பின்னால் தொழுவம். பதினைந்து வருஷமாக விடியும் முன் பால் கறந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உறைபனியில் பங்களா பங்களாவாக ஊற்றிவிட்டு வருவாள். நான் படித்தது அந்தப் பாலில்தான். என் கோட்டு, என் இங்கிலீஷ், என் இங்க் பேனா எல்லாம் அந்த மாடுகள் போட்டது. சென்னைக்காரர் அவள் வீட்டின்மேல் ரோஸ் பூசிவிட்டார். அப்பீல் தோற்றால் தொழுவம் போகும், மாடு போகும். மாடு போனால் அக்காவுக்குப் பிழைப்பு என்று ஒன்றும் இல்லை.

கமிட்டி வேலையில் இருக்கும் சிப்பந்தி, தன் உறவினர் யாராவது அப்பீல் செய்திருந்தால் முதல் நாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் அந்த வேலையை அடுத்த மேஜைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிடுவார்கள். கமிட்டி வேலை முடிந்ததும் அதைச் செய்தவனை நிரந்தரமாக்குவதாக ஹெட்கிளார்க் சொல்லியிருந்தார். அது மட்டுமல்ல, நான் உள்ளே இருந்தால் அக்காவுக்கும் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் எப்போதும் இப்படி ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

கமிட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பு போய்ச் சொன்னேன். "அக்கா, நாளன்னைக்கு துரைமாரு வர்றாங்க. எடத்தைச் சுத்தமா வெச்சுக்க. இன்னொண்ணு, அவங்க முன்னால என்னைத் தம்பின்னு கூப்பிட்டராத."

அக்கா சிரித்தாள். "அதுக்கென்ன கண்ணு, ஏனுங்கன்னே கூப்பிடறேன். நீயுந்தான் பெரிய ஆபீசரு ஆயிட்ட."

சுத்தமாக வைத்துக்கொள் என்று நான் சொன்னதை யாரும் குறைசொல்ல முடியாது. நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். டாக்டர் துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கங்காணி வாளியில் சுண்ணாம்பு கலக்கிவிடுவார். கிழிந்த கம்பளியை ஒளித்து வைப்போம், கோழியைப் பிடித்து அடைப்போம், அடுப்பில் தண்ணீர் ஊற்றிப் புகையை நிறுத்துவோம். மனிதர்கள் வாழ்கிற இடம் என்று தெரியாத அளவுக்குத் துடைத்து வைத்தால்தான் துரைக்கு மரியாதை. இது எங்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று காலை முதலில் போனது அக்கா வீட்டுக்கு அடுத்த பங்களா. சீசனுக்கு மட்டும் வந்து தங்கும் வேறொரு தோட்டத் துரையுடையது. அவருடைய லாயத்துக்கும் அப்பீல். வீட்டுக்காரர் வெளியே வரவுமில்லை. சமையல்காரர் ஒருவர் வந்து கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஆறு குதிரைகள். லாயத்துக்குப் பின்னால் குதிரை லத்தியும் பழைய வைக்கோலுமாக ஆள் உயரக் குவியல், அதன்மேல் காளான். மூத்திர நெடியில் என் கண் எரிந்தது. நம்மவர் தலைப்பாகை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தலைவர் துரை மட்டும் கைத்தடியால் குவியலைக் குத்திப் பார்த்து, "இது ஒரு வருஷத்தில் சேருகிற குவியல் அல்ல. பழைய லாயம், சந்தேகமே இல்லை" என்றார். நான் பதிவேட்டைப் பிரித்து எழுதினேன். இரண்டு நாள் முன்பு அக்காவிடம் நான் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அக்கா வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. மழை தூறி அது பாதி கரைந்திருந்தது. அக்கா வெளுத்த சேலை கட்டி, தலையைப் படிய வாரி, கைகூப்பிக்கொண்டு நின்றாள். பின்னால் போனோம். தொழுவம் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. தரையில் ஒரு துளி சாணி இல்லை. வைக்கோல் போர் இருந்த இடத்தில் செம்மண் கொட்டி மெழுகியிருந்தது. எருக்குழியை மூடி அதன்மேல் ரோஜாச் செடி ஒன்றை நட்டு வைத்திருந்தாள். மாடுகளைக் கட்டும் முளைக்குச்சிகளைக்கூடப் பிடுங்கிக் கழுவிச் சுவரில் சாத்தியிருந்தாள். மாடு ஒன்றுகூட இல்லை.

தலைவர் துரை சுவரில் விரலை வைத்துப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"இந்தச் சுவர் எப்போது பூசப்பட்டது? கேள்."

கேட்டேன்.

"நேத்துத்தானுங்க," என்றாள் அக்கா, முகமெல்லாம் சந்தோஷமாக. "துரைமாரு வர்றாங்கன்னு நாந்தானுங்க ராவும் பகலுமா அடிச்சேன். நெம்ப அழுக்கா இருந்துச்சுங்க."

"நேற்று, சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். எப்போது என்று கேட்டார், எப்போது என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"மாடுகள் எங்கே?"

"மாடு கண்ணையெல்லாம் கற்பூர மரத்தோப்புக்கு அக்கட்டால ஓட்டியுட்டேனுங்க. துரை கால்ல சாணி பட்டறக் கூடாதுன்னுதானுங்க."

"மேய்ச்சலுக்குப் போயிருக்கின்றன, சார்."

தோட்டத் துரை சிரித்துவிட்டார். "இந்த மலையில் நான் பார்க்காத மாடுகள் எல்லாம் மேய்ச்சலுக்குத்தான் போயிருக்கும்" என்றார். தலைவர் துரை சிரிக்கவில்லை. அவர் நியாயமானவர், அதுதான் கொடுமை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மேஸ்திரியிடம் கேட்டது போலவே கேட்டார்.

"நீ இந்த ஊர்க்காரன். இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

தெரியும் சார் என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து வருஷமாக இங்கே மாடு இருக்கிறது சார், நான் சாட்சி சார் என்று சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். என் அக்கா சார் என்று சொல்ல வேண்டியிருக்கும். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்பார். மிஞ்சிப்போனால் என் வேலை போயிருக்கும். தொழுவம் நின்றிருக்கும். இந்தக் கணக்கை இன்றைக்கு இவ்வளவு நிதானமாகப் போடுகிறேன். அன்றைக்கு எனக்கு ஹெட்கிளார்க்கின் முகம் மட்டும்தான் கண்முன் நின்றது.

"தெரியாது, சார்" என்றேன்.

துரை பெருமூச்சு விட்டார். பிளான் வந்த பிறகு அவசரமாகக் கொட்டகை போட்டுவிட்டுப் பழைய தொழில் என்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றி, உண்மையான அப்பீல்காரர்களுக்கு இவர்களால் வரும் கெட்ட பெயரைப் பற்றி, மழையில் நின்றபடியே ஐந்து நிமிஷம் என்னிடம் பேசினார். நான் நடுநடுவே "ஆமாம், சார்", "உண்மைதான், சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நம்மவர் தலையை ஆட்டினார்.

அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் வாசல் பக்கம் நடந்ததும், "ஏனுங்க, துரை என்னங்க கேட்டாரு?" என்றாள். அவள் என்னை ஏனுங்க என்று கூப்பிட்டது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள், பாவம்.

"ஒண்ணுமில்ல. மழையா இருக்குதுன்னாரு" என்று சொல்லிவிட்டு வரைபடக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தள்ளுபடி உத்தரவை வரைவெழுதியது நான். சுத்தப் பிரதி எடுத்தது நான். தமிழில் அவளுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். ஒரு மாதத்தில் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். படித்து முடித்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "சுத்தம் பத்தலையா தம்பி? மேக்கால செவுத்துல ரெண்டாங் கோட்டு சுண்ணாம்பு அடிக்காம உட்டுட்டேன். அதப் பாத்துட்டாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவளே தனக்கு ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

காரமடைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து மாடுகளை வாங்கிக்கொண்டு மலைப்பாதை வழியாக ஓட்டிப் போனார். குன்னூர் வரை அக்கா கூடவே நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தாள். கமிட்டி வேலை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்கினார்கள், குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். அக்கா என்னோடு வந்துவிட்டாள். அந்தப் பங்களா லாயம் நான் ஓய்வுபெறும் வரைக்கும் அங்கேயே இருந்தது, குவியலும் இருந்தது.

பதினெட்டு வருஷம் அக்கா என் வீட்டில் இருந்தாள். விடியும் முன் எழுந்துகொள்ளும் பழக்கம் போகவில்லை. எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். வேறு யாரோ ஊற்றும் பாலைக் காய்ச்சி, தண்ணிப் பால் என்று திட்டுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்துவிட்டு அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள்.

"என்ற தம்பி அன்னைக்கு மழையில நனைஞ்சுக்கிட்டே துரைகிட்ட எனக்காக இங்கிலீஷ்ல எத்தனை பேசுனான்னு நெனைக்கறீங்க. துரை ஒண்ணு சொன்னா இவன் ஒண்ணு சொல்லுவான். உடவே இல்லீங்க. அந்த மனுசன் மனசுதான் எளகல."

நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஆரம்பத்தில் வாய் வரவில்லை. பிறகு, சொன்னால் அவளிடம் மிச்சமிருக்கும் ஒன்றையும் பிடுங்குவதாகும் என்று நினைத்தேன். அதுவும் நான் மாட்டிக்கொண்ட இன்னொரு நல்ல சட்டையோ என்னவோ.

அவள் காலமாவதற்கு முந்தின வருஷம், என் மகளைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அன்னைக்குத் துரைகிட்ட என்ன பேசுன கண்ணு, அதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு, இவங்க கேக்கட்டும்" என்றாள். வந்தவர்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. என் கையால் வரைவெழுதி, சுத்தப் பிரதி எடுத்து, மனப்பாடமாகிப்போன அந்தத் தள்ளுபடி உத்தரவைத்தான், கமிட்டி நேரில் பார்வையிட்டது என்பதிலிருந்து கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்பது வரை, நிறுத்தாமல் சொன்னேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டீங்களா," என்றாள் அவர்களிடம், "கூடப் பொறந்தவன்னா இப்படியல்லங்க இருக்கோணும்."