விளிம்பு பிரிந்த ரியூலிப்

எங்கள் வீட்டுப் பின்வளவில் அந்தி பட்டதும் பூக்கள் வாயை மூடிக்கொள்ளும். ஊரில் ஒரு பூ விரிந்தால் விரிந்ததுதான். பிறகு வாடும், விழும், கூட்டி அள்ளுவோம். விரிந்த பூ திரும்பவும் மொட்டாகி நிற்கிறதை நான் இந்த நாட்டில்தான் பார்த்தேன். ரியூலிப் காலையில் வெயில் சுட விரியும். பின்னேரம் குளிர் பிடிக்க, இதழ்களை இழுத்து மூடிக்கொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரி நிற்கும். என் மனைவி பவானி அந்த நேரம் பார்த்து, போர்வையைப் போர்த்துக்கொண்டு பாத்தியடியில் போய்க் குந்துவாள். எல்லாம் மூடி முடிந்த பிறகுதான் எழும்பி உள்ளே வருவாள். "நித்திரையாகிட்டான்," என்பாள். அந்தச் சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு சில்லிடும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இப்போது பிள்ளையார் கோயிலுக்கென்று நீங்களெல்லாம் காரில் வந்து போகிற, மெல்பேணுக்கு வெளியே த பேசின் என்கிற இடத்தில்தான் எங்கள் வீடு. அப்போது அங்கே கோயிலும் இல்லை, ஒரு தமிழ் முகமும் இல்லை. மலையடிவாரம், உயர்ந்த மரங்கள், எந்நேரமும் ஈரம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் எஞ்சினியராக வந்தவன் நான். மார்கழியில் ஒப்பந்தம் முடிய, தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணத்தில் நிற்பது என்று முடிவு செய்து ரிக்கற்றும் எடுத்தாயிற்று.

அந்த வருடம் மே மாதம் எங்கள் முதல் பிள்ளை பிறந்தது. பிறந்தது, ஆனால் அழவில்லை. ஆண்பிள்ளை. அந்தக் காலத்து வழக்கப்படி தாய்க்குக் காட்டவில்லை. பார்த்தால் மனம் உடைந்துவிடுமாம். எனக்கு மட்டும் ஒரு துணியை விலக்கிக் காட்டினார்கள். எங்கே புதைப்பீர்கள் என்று கேட்டேன். "இட்ஸ் ஓல் டேக்கன் கெயார் ஒஃப்," எல்லாம் பார்த்தாயிற்று என்று ஒரு நேர்ஸ் என் தோளைத் தட்டினாள். அதற்குமேல் கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. எங்கள் ஆட்கள் பெரியவர்களை எரித்தாலும் குழந்தையை மண்ணில்தான் தாழ்ப்பார்கள். அந்த மண் எது என்று பெற்ற எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஊரென்றால் வீடு நிறையச் சனம் வந்து அழும், ஏசும், வேண்டாம் வேண்டாம் என்றாலும் வாயில் சோறு தீத்தும். இங்கே மணியடித்த சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால், துணி போட்டு மூடிய ஒரு சாப்பாட்டுச் சட்டி வாசலில் இருந்தது. கொண்டுவந்த ஆளைக் காணவில்லை.

பக்கத்து வீட்டு யான் மட்டும்தான் வேலியால் எட்டிப் பார்த்தார். ஒல்லாந்துக்காரர், மனைவியை இழந்த கிழவர், இங்கிலீஸ் என்னைவிட மோசம். ஊருக்கு எழுதும் கடிதத்தில் அவர் பேரோடு 'ஐ' சேர்த்தால் 'யானை' ஆகிவிடுகிறதே என்று பவானி முன்பு விழுந்து விழுந்து சிரித்தவள். முதல் சந்திப்பில், உங்கள் ஆட்கள் எங்கள் ஊரில் கோட்டை கட்டினவர்கள் என்று நான் சொல்ல, மனுசன் முகம் சிவந்து "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டவர். இம்முறை ஒரு கடதாசிப் பையை நீட்டினார். உள்ளே ரியூலிப் கிழங்குகள், ஐஸ் மாதிரிக் குளிர்ந்தபடி. மெல்பேண் குளிர் போதாதாம். கிழமைக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் தன் தேசத்துப் பனிக்காலம் முடிந்ததென்று நம்பிப் பூக்குமாம். "ஓல் ரெட்," என்றார். பவானி வாங்கிக்கொண்டுபோய், தூறலில் முழங்காலிட்டு, ஒவ்வொன்றாகத் தாட்டாள். மண்ணைப் போட்டுக் கையால் தட்டித் தட்டி மூடினாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். போய் எழுப்ப எனக்குத் துணிவு வரவில்லை.

ஊரில் புரட்டாசிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நேரம் இங்கே வசந்தம். எல்லாம் சிவப்பாக, வழவழவென்று வந்தன, ஒன்றைத் தவிர. அதுவும் சிவப்புத்தான். ஆனால் விளிம்பு மட்டும் வெளிறி, சீலை முந்தானையில் நூல் பிரித்தது போல, சுற்றிவரச் சின்னச் சின்ன நுனிகளாகப் பிரிந்திருந்தது. பூச்சி அரித்ததாக்கும் என்று தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நுனியும் தடித்து, குளிர்ந்து, முழுதாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு பவானி அன்றுதான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அவன்ரை விரல் எப்பிடி இருந்தது? இப்பிடியோ?"

ஐயோ, நான் என்னத்தைச் சொல்ல? துணியை விலக்கியபோது கண்டது இதே வெளிர் நிறம்தான். "ஓம்," என்றேன்.

யான் வந்து குனிந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஆ! திஸ் இஸ் எ ஸ்போட்!"

பவானி சட்டென்று நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்த ஸ்போட் ஒன்றே ஒன்றுதான். "கேட்டீங்களே? விளையாடுறானாம். அவருக்கும் தெரியுது."

"அவர் அதைச் சொல்லேல்லை, பவானி."

"பின்னை என்னத்தைச் சொன்னவர்?"

அது எனக்கும் தெரியாது. அடுத்த நாள் யானிடம் தனியே கேட்டேன். தாய்க்கிழங்கைப் போல இல்லாமல், ஒருவரும் கேளாமல், தன்பாட்டில் வேறொன்றாக மாறி வருகிறதைத் தோட்டக்காரர்கள் அப்படிச் சொல்வார்களாம். ஏன் மாறுகிறது என்று கேட்டால் இரண்டு கையையும் விரித்தார். வீட்டுக்கு வந்தால் பவானி குளித்து, தலை இழுத்து, சோறு கறி சமைத்து வைத்திருந்தாள். பிள்ளை விளையாடுகிறது என்று நம்பித்தான் அவள் தலையில் சீப்பு வைத்திருக்கிறாள். அதைத் திருத்தாமல் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடக் குந்தினேன்.

மற்ற ரியூலிப்களெல்லாம் வடக்கே சாய்ந்தன. இந்த நாட்டில் வெயில் வடக்கால்தான் வரும். அது மட்டும் தெற்கே, வீட்டுப் பக்கம், குசினி யன்னலைப் பார்த்துக் கழுத்தை வளைத்தது. நாளுக்கு நாள் தண்டு நீண்டு கொஞ்சம் கிட்ட வந்தது. குசினி வெளிச்சத்துக்கு வளைகிறது, வேறென்ன என்றது எஞ்சினியர் மூளை. பவானி அறியாமல் குசினி லைற்றின் பல்பைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். அவள் இருட்டுக்குள் நின்று சமைத்தாள். பூ அவள் நின்ற பக்கமே பார்த்தது. காற்றில்லாத நேரத்திலும் அந்த விளிம்பு மட்டும் மெல்ல அசையும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த யன்னலுக்கு முதுகு காட்டி நான் நின்றதேயில்லை.

ஒக்ரோபரில் பயணப் பேச்சை எடுத்தேன். "இவனை விட்டிட்டோ?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! "அது பூ, பவானி! வெறும் பூ!" என்று கத்திவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. யன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "மெல்லக் கதையுங்கோ," என்றாள். அவள் இல்லாமல் நான் ஊரில் போய் என்ன முகத்தோடு இறங்குவது? அவளை இந்தப் பாத்தியிலிருந்து எந்த வழியால் கிளப்புவது? அந்த யோசனையிலேயே நாட்கள் போயின.

நவம்பரில் இதழ் கொட்டி இலையும் பழுத்தது. யான் மண் கிண்டுகிற இரும்பு முள்ளுக்கரண்டியோடு வந்தார். கோடைமழைக்குக் கிழங்கு அழுகிவிடும், கிண்டி எடுத்துவிட வேண்டும் என்றார். பவானி பாத்திக்குக் குறுக்கே போய் நின்றாள். "நோ டிக்," என்றாள்.

"பட் இற் வில் டை," என்றார் யான். பாவம், செத்துவிடும் என்று அவர் கிழங்கைச் சொன்னார்.

பவானியின் முகம் வெளிறியது. அப்படியே முழங்காலில் இருந்து, முள்ளும் வேண்டாமென்று கையாலேயே கிண்டினாள். விளிம்பு பிரிந்த பூ நின்ற இடத்தை நகமெல்லாம் மண்ணாகக் கிண்டி அவள் வெளியே எடுத்தபோது, மே மாதம் தாட்ட கிழங்கு அங்கே இல்லை. அதன் சருகுத்தோல் மட்டும் கிடந்தது. அந்த இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டியபடி இரண்டு புதுக் கிழங்குகள். எப்போதும் இப்படித்தான் என்றார் யான். நட்டது தன்னைக் கரைத்துவிட்டுப் போய்விடும், கிடைப்பது வேறு. "டூ! வெரி குட்!" என்று சந்தோசப்பட்டார்.

பவானி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். "இதிலை ஆர் அவன்?" என்று என்னைக் கேட்டாள். அவளே ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தாள். அது இளஞ்சூடாக இருந்தது.

"நீங்கள் ஊருக்குப் போறதெண்டால் இதைக் கொண்டுபோய் எங்கடை செம்மண்ணிலை தாளுங்கோ. நான் மற்றதோடை இஞ்சை இருக்கிறன்."

செம்மண்ணில் அது முளைக்காது. அங்கே அதற்குக் குளிர் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அந்தத் தைக்கு நான் போகவில்லை, அடுத்த தைக்கும் போகவில்லை. ஆனால் அன்று அவளுக்குச் சொல்ல, போகிறேன் என்றும் வாய் வரவில்லை, இருக்கிறேன் என்றும் வரவில்லை. அவள் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கிண்டின குழிக்குப் பக்கத்தில் நான் நின்றேன், என் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு.