தொண்ணூறு நாள் தாண்டிய பாக்கி

"தம்பி, அத்த நான் வாங்கிக்கலாமா?" என்று அக்கா போனில் கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "நீ வாங்கிக்கக்கா, யாரு கேக்கப்போறாங்கோ" என்றது. கோடையில் இன்ஜினைப் பழுதுபார்த்துக்கொண்ட விசைப்படகுக்காரர் ஒருவர், அதற்கான பணத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். "கூடாதுக்கா, அது பட்டறையை வாங்கின கம்பெனிக்குப் போகவேண்டிய பணம்" என்றேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த "சரி தம்பி" இத்தனை வருஷமாகியும் என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. காசிமேட்டில் படகு இன்ஜின் பட்டறை நடத்தியவர். அவருக்குக் கணக்குப் பார்த்த ஆடிட்டர் நான். கணவர் போன பிறகு ஐந்து மெக்கானிக்குகளைக் கட்டி மேய்த்தவர். ராயபுரத்தில் என் மாடி அலுவலகத்துக்கு வந்தால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "இன்னா தம்பி, கவருமெண்ட்டு என்னை இன்னும் எவ்ளோ உரிக்கப்போவுது?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். உடம்பு முடியாமல் போனபோது மணலிப் பக்கத்துக் கம்பெனி ஒன்று பட்டறையை விலைக்குக் கேட்டது. அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. திருவொற்றியூரில் இருபது வருஷமாக வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரும் சம்மதித்து முன்பணம் வாங்கிக்கொண்டார். ஐப்பசிக்குள் மீதியைக் கொடுத்துப் பதிவு செய்யாவிட்டால் முன்பணம் போச்சு என்று பேச்சு.

பட்டறை விற்பனை ஒப்பந்தத்தில் 'நிகர நடைமுறை மூலதனம்' என்று ஒரு பகுதி உண்டு. பேரைக் கேட்டதும் அக்கா, "யப்பா, வாயிலயே நொயையலயே!" என்று சிரித்தார். விஷயம் என்னவோ எளிதுதான். கையிலிருக்கும் சரக்கையும் வெளியிலிருந்து வரவேண்டிய பாக்கியையும் கூட்டி, நாம் பிறருக்குத் தரவேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது அது. கைமாறும் நாளில் அது பேசிய அளவுக்குக் குறைந்தால், குறைந்ததை விலையில் பிடித்துக்கொள்வார்கள். பேசிய அளவைப் பழைய கணக்கிலிருந்து, எல்லாப் பாக்கியையும் சேர்த்துத்தான் போட்டோம். ஆனால் ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோது, முன்பு ஒரு மருந்து மொத்த வியாபாரிக்கு எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு பேரையும் ஊரையும் மாற்றினேன். 'தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட பாக்கி சேராது' என்ற வரி அதிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

மருந்து வியாபாரத்துக்கு அது சரி. காசிமேட்டுக்கு? சித்திரையில் மீன்பிடித் தடை தொடங்கினால் இரண்டு மாதம் படகெல்லாம் கரையில் கிடக்கும். இன்ஜின் வேலை முழுக்க அப்போதுதான். யார் கையிலும் காசிருக்காது, அக்காவும் கேட்கமாட்டார். தடை முடிந்து, நாலு தடவை நல்ல மீன்பாடு வந்து, ஐஸுக்கும் டீசலுக்கும் போக மிஞ்சியதில் தருவார்கள். தீபாவளிக்குள் ஒருத்தர் விடாமல் தந்துவிடுவார்கள். வருஷா வருஷம் அந்தக் கணக்கைப் பார்த்த எனக்கு இது தெரியாதா? என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். பட்டறை கைமாறியது ஆவணிக் கடைசியில். படகுக்காரர்களின் பாக்கியில் பெரும்பகுதி தொண்ணூறு நாளைத் தாண்டியிருந்ததால் கம்பெனி போட்ட கணக்கில் பூஜ்யமாயிற்று. விலையில் கால்வாசி அப்படியே போயிற்று.

அந்தக் கணக்கை மறுத்து எழுத அக்காவுக்கு முப்பது நாள் அவகாசம் இருந்தது. முதலில் சொன்னேனே, அந்த போன் வந்தது பத்தாம் நாள். பூஜ்யம் என்று எழுதப்பட்ட பணம் வாசலில் வந்து நிற்கிறதே, அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மறுத்திருந்தால் ஜெயித்திருப்போமா, தெரியாது. ஆனால் மறுத்தால் அந்த வரி எப்படி வந்தது என்று கேட்பார்கள், ராயபுரம் முழுக்க என் பேர் நாறும். பயந்துவிட்டேன். அக்கா நேரில் வந்து கேட்டபோதும், "சட்டம் அப்படித்தான்க்கா" என்றேன். அதற்குப் பிறகு பணத்தோடு வந்த ஒவ்வொருவரையும், "கையெய்த்து போட்டுட்டேன்பா, அவங்கோ கைல போய்க் குடு" என்று அவரே கம்பெனிக்கு அனுப்பினார். விலையில் சேராத பணம் முழுசும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. ஐப்பசியும் போனது, முன்பணமும் போனது. வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். அக்கா எர்ணாவூரில் ஓர் அறைக்குக் குடிபோனார்.

போன மாதம் அக்கா தன் தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதுக்காரர், ஐஸ் கடையை விற்கப்போகிறார். "இவரான்ட குடுரா, கரெக்டா எய்துவாரு. என் விஷயத்துல இவரு இன்னா பண்ணுவாரு பாவம், சட்டம் அப்புடி" என்றார். அந்தப் "பாவம்" என்னைக் கொன்றுவிட்டது. மருந்து வியாபாரியின் ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியதை, பயந்து வாயை மூடிக்கொண்டதை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா ஒன்றுதான் கேட்டார்: "நான் போன் பண்ணசொல்லோ, எதுத்து எய்த நாள் இருந்துதா?"

"இருபது நாள் இருந்ததுக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மேசைமேல் வைத்திருந்த ஐஸ் கடைக் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, "எந்திரிடா, வேற ஆபீஸ் பாக்கலாம்" என்றார். மாடிப்படி செங்குத்து, அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கை கொடுக்கலாம் என்று எழுந்து வாசல்வரை போனேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.