ஏலக்காரர் மரியாதை கொடுத்த மூன்று வாரம்

பதினொரு வருஷமாக அவள் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டு வருகிறாள். அதற்கு முன் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். "காலர் யாரையும் திட்டாது" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள்.

செவ்வாயும் வெள்ளியும் போகிற வீட்டுப் பெரியவருக்கோ வாயைத் திறந்தால் வசவுதான். காய்கறிச் சந்தையில் முப்பது வருஷம் ஏலம் விட்ட தொண்டை. பக்கவாதம் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு தொண்டையை மட்டும் விட்டுவைத்தது. "தண்ணி சுடுதுடி மூதேவி!" என்றால் தெருமுனையில் கேட்கும்.

பணியாளரை அவமதித்தால் புகார் எழுதலாம் என்று அவளை வேலைக்கு அனுப்பும் அலுவலகத்தில் புது விதி வந்தது. அவளுடைய மகள் விடவில்லை. "ஏம்மா, உனக்கென்ன எருமைத்தோலா?" கடைசியில் அவளும் எழுதிக் கொடுத்தாள். அந்த வீட்டுக்குக் கடிதம் போனது: இன்னொரு தடவை நடந்தால் ஆள் அனுப்ப மாட்டோம்.

அடுத்த தடவை போனபோது பெரியவர் வேறு ஆளாக இருந்தார். "வாங்க. உட்காருங்க." தண்ணீர் சுடுகிறதா என்று கேட்டால், "உங்க இஷ்டங்க." இடது காலைத் தொடப் போனால், "அது வேணாங்க, மருமக கழுவிட்டா." நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ முன்பின் தெரியாதவரைக் குளிப்பாட்டுவதுபோல் கை கூசியது.

மூன்றாவது வாரம் அலுவலகம் போனில் ஒரே கேள்வி அனுப்பியது: நடத்தை திருந்தியதா? இன்றைக்குள் 'ஆம்' அல்லது 'இல்லை' அழுத்த வேண்டும். 'இல்லை' என்றால் அவருக்குக் குளிப்பாட்ட ஆள் கிடையாது.

'ஆம்' என்று அழுத்தப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய இடது காலுறையைக் கழற்றினாள். குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஓரம் கறுத்திருந்தது.

"எத்தனை நாளா?"

"நீங்க தொட்டா கத்திடுவேன்னு... சொல்லலைங்க."

பஞ்சை மருந்தில் நனைத்து வைத்தாள்.

"மெதுவாடி மூதேவி!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டார். சமையலறையிலிருந்து மருமகள் கரண்டியோடு ஓடி வந்தாள். "மாமா! அக்கா, எழுதிடாதீங்கக்கா, இவரை நான் ஒருத்தியா தூக்க முடியாது..."

"வலிக்குதான்னு கேட்டேன், சொன்னார். நீ நர்ஸுக்கு போன் போடும்மா, புண்ணைப் பார்க்கணும்."

அந்த 'மூதேவி' சுருக்கென்று தைத்தது நிஜம். அதைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்ததும் நிஜம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்கும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"வலிச்சா கத்துங்கய்யா. அந்த வார்த்தை மட்டும் வேணாம்."

"சரிங்க." அவர் கையை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப வேற என்ன சொல்லிக் கத்தட்டும்?"

கிண்டலாகத் தெரியவில்லை. ஏலம் கேட்க நிற்பவர்களைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் யோசித்தாள். 'அம்மா' என்பது அந்த ஏலத் தொண்டைக்குப் பொருந்தாது. 'ஐயோ' என்று கத்த அவருக்குப் பிடிக்காது. பஞ்சு கையில் காய்ந்துகொண்டிருந்தது. மருமகளும் போனைக் காதில் வைத்தபடி அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். தன் போனில் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு, திருந்தியது யார் என்று விளங்காமலே, இன்னொரு பஞ்சை எடுத்து நனைத்தாள்.

"இப்போதைக்கு, மெதுவான்னு மட்டும் சொல்லுங்க."