நீக்கப்பட்ட ஒரு தாள்

பள்ளியில் பிள்ளைகள் தங்கள் கணக்கு டீச்சருக்கு வைத்த பெயர் ‘எக்ஸ் டீச்சர்’. எதைக் கேட்டாலும், “முதல்ல அதை எக்ஸ்னு வச்சுக்குவோம்” என்றுதான் தொடங்குவாள். வரன் கொண்டுவந்தவர்களிடமும் அப்படிச் சொல்லித்தான் விரட்டிவிட்டாள் என்று அண்ணன் கேலி செய்வான். அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே மகள், இவள் என நால்வரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்தப் பெண் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள். வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

நாற்பதை நெருங்குகையில் டீச்சர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். மைனஸ் எண்களில் பிள்ளைகள் ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. விதியை ஒப்பிக்க வைக்காமல், சிவப்பும் வெள்ளையுமாகச் சட்டைப் பொத்தான்களைக் கையில் கொடுத்துப் பார்ப்பது அவள் யோசனை. வெள்ளை ப்ளஸ், சிவப்பு மைனஸ். இரண்டும் ஜோடி சேர்ந்தால் பூஜ்யம்.

தன் பள்ளியிலேயே ஒரு வகுப்பின் இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொண்டாள். ஒன்றுக்குப் புது முறையில் அவள் நடத்துவாள். மற்றதற்கு வழக்கமான ஆசிரியர் வழக்கம்போல் நடத்துவார். ஆய்வு நெறியாளர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கியதில் ‘ஏ’ பிரிவுக்குப் பொத்தான் விழுந்தது. ரேடியோ படித்தது ‘பி’ பிரிவில்.

“சார், எங்க வீட்டுப் பொண்ணை மட்டும் ஏ பிரிவுக்கு மாத்திக்கலாமா?” என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மாத்தினா அப்புறம் குலுக்கினதுக்கு என்னம்மா அர்த்தம்?” நெறியாளர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவரில்லை. “வீட்லயும் எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க. எல்லாம் முடிஞ்சதும் பி பிரிவுக்கும் நடத்திடலாம்.”

அன்றிலிருந்து வீட்டில் கணக்குப் பேச்சே கிடையாது. ரேடியோ நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், “உங்க சார்கிட்ட கேளு” என்று டீச்சர் எழுந்து போய்விடுவாள். பொத்தான் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அண்ணி அடுப்படியிலிருந்தே பொருமினாள்: “ஊரான் பிள்ளைக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்லித் தர்றே. நம்ம பிள்ளைக்குன்னா மட்டும் வாயில பூட்டு.”  காரணத்தைச் சொன்னால் அண்ணிக்குப் புரியாது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். உண்மையில் அவளுக்கே அது வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஒரு விடுமுறைப் பகலில் ரேடியோ மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் சோடா பாட்டில் மூடிகள். தரையில் பரப்பினாள்.

“அத்தை, இங்க பாரேன்! மூடி நிமிர்ந்திருந்தா ப்ளஸ், கவிழ்ந்திருந்தா மைனஸ். மூணுலேர்ந்து மைனஸ் ரெண்டைக் கழிக்கணும். எடுக்கறதுக்குக் கவிழ்ந்த மூடியே இல்ல. அதனால ரெண்டு ஜோடி சேர்த்துக்கிட்டேன். ஜோடின்னா பூஜ்யம்தானே, யாருக்கு நஷ்டம்? இப்பக் கவிழ்ந்ததை எடுத்துட்டேன். மிச்சம் அஞ்சு! நீ கேட்டியே, பிள்ளைங்க ஏன் தடுமாறுதுன்னு? நான் தடுமாறல!”

‘ஏ’ பிரிவுத் தோழி ஒருத்தி வாயால் சொன்னதை வைத்து, பொத்தான் இல்லாமல் அவளே செய்துகொண்ட வித்தை அது. எந்த ஆசிரியரும் தூக்கிக் கொஞ்சியிருப்பார். டீச்சருக்கோ முதலில் தோன்றியது வேறு. இன்னும் எத்தனை பேருக்குப் பரவியிருக்குமோ?

“யாரு சொன்னா? அவகூட இனிமே சேரக் கூடாது. வகுப்புல யார்கிட்டயாவது இதைக் காட்டினியா? வாயைத் திற!”

பெண் மிரண்டு போனாள். “கத்துக்கிட்டது தப்பா, அத்தை?”

“தப்புதான். இப்போதைக்குத் தப்பு.”

அவள் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள். ஆய்வுக்காக வைத்த தேர்வில் ‘பி’ பிரிவில் அவள் ஒருத்தி மட்டும் எல்லாவற்றையும் சரியாகப் போட்டிருந்தாள். டீச்சர் நெறியாளரைக் கேட்டுக்கொண்டு அந்தத் தாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். “கற்பித்தல் முறையில் கலப்பு ஏற்பட்டதால் ஒரு மாணவியின் தாள் நீக்கப்பட்டது” என்று ஆய்வேட்டில் ஒரு வரி மட்டும் சேர்ந்தது. விஷயம் தெரிந்து தோழியும் பயந்து ஒதுங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு ரேடியோ கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. ஆண்டுத் தேர்வில் தோற்றாள். அதற்குள் டீச்சர் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் அவசரத்தில் இருந்தாள். ‘பி’ பிரிவுக்கு நடத்துவதாகச் சொன்னதை நெறியாளரும் கேட்கவில்லை, அவளும் நினைவூட்டவில்லை.

தேர்வு முடிவு வந்த அன்று டீச்சர் பீரோவைத் திறந்து பொத்தான் பையை எடுத்துக்கொண்டு ரேடியோவிடம் போனாள். “வாடா, உட்காரு. எல்லாம் முதல்லேர்ந்து சொல்லித் தர்றேன்.”

“வேணாம் அத்தை. உங்களுக்கு வேலை இருக்கும், பாருங்க.”

அவள் அத்தையை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அண்ணன் மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “அந்த ஒரு தாளை நீக்கியிருக்கீங்களே, அந்த மாணவி எப்படிக் கத்துக்கிட்டான்னு விசாரிச்சீங்களா?”

“அது என் ஆய்வு எல்லைக்குள்ள வரல, சார்.”

தேர்வாளர் தலையசைத்தார். பதில் முறையாக இருந்தது. பட்டம் கிடைத்தது. கைதட்டினார்கள். அண்ணன் தட்டினானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் வேலை, பக்கத்திலேயே ஒற்றை அறையில் குடியிருப்பு. பெண் படிப்பை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். டீச்சர் அவ்வப்போது அண்ணனுக்கு ஃபோன் செய்வாள். “பிள்ளைகிட்ட குடு” என்றால், அண்ணன், “இப்பதான் தூங்கினா” என்பான். பின்னால் அவள் யாருடனோ பேசிச் சிரிப்பது தெளிவாகக் கேட்கும். “சரி, தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் ஃபோனை வைத்துவிடுவாள்.