எடை ஏறிய பலகை

பிள்ளை வாராவாரம் இளைப்பதைப் பார்த்து ஆனந்தப்பட்ட ஒரே தகப்பன் எங்கள் தெருத் தச்சராகத்தான் இருப்பார். பிள்ளை என்றால் மனிதப் பிள்ளை அல்ல. ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் கொண்ட வாகைப் பலகை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து மளிகைக்கடைக்குக் கொண்டுபோவார். தராசில் கிடத்துவார். முள் நிற்கும்வரை மூச்சு விடமாட்டார்.

"என்னண்ணே, புள்ள இந்த வாரம் பால் குடிக்கலயா? நாப்பது கிராம் கொறஞ்சிருக்கு," என்பார் மளிகைக்காரர்.

"கொறையட்டும்யா, நல்லா கொறையட்டும்."

சர்க்கரை வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். வீட்டுக்குத் திரும்பி, சமையலறைச் சுவரில் தேதியும் எடையும் பென்சிலால் எழுதியபிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும்.

இந்த நிலைக்கு அவர் வந்த வரலாறு துயரமானது. ஒருகாலத்தில் அவரும் எல்லாத் தச்சரையும்போல மரக்கடையில் மரம் வாங்கியவர்தான். "எலும்பு மாதிரி காஞ்சது" என்று கடைக்காரர் அடித்துச் சொன்ன பலகையில் பள்ளித் தலைமையாசிரியைக்கு அலமாரி செய்தார். எலும்பு சரி, யாருடைய எலும்பு என்று கேட்காதது அவர் பிழை. முதல் மழை மாதத்தில் கதவுகள் பூரித்துப் பொருமி ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டன. புடவைகள் அத்தனையும் உள்ளே. தலைமையாசிரியை மூன்று நாள் ஒரே புடவையில் பள்ளிக்குப் போனார்; மூன்றாம் வகுப்புகூட அதைக் கவனித்துவிட்டது. நான்காம் நாள் தச்சர் வரவழைக்கப்பட்டு, தான் செய்த கதவைத் தானே கடப்பாரையால் திறந்தார். "புது அலமாரி செஞ்சு தரேம்மா, என் கையால காய வச்ச மரத்துல," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தம்மாள் கோபப்படவில்லை. "பொறுமையா செய்ங்க," என்றார். அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதமே தபால் அலுவலக வளாகத்து வாகைமரம் காற்றில் சாய்ந்தது. அடிமரத்தை இவரே வாங்கி மரமறுக்கும் மில்லுக்கு ஏற்றிப்போனார். வாகைத்தூள் மூக்குக்கு ஆகாது. ரம்பம் ஓட ஓட மில் முழுக்கத் தும்மல், முதலாளி பதினேழு தும்மலுக்குப் பிறகு, "யோவ், இத அறுக்குறதா, இதுகிட்ட அறுபடுறதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு பலகைகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் முனையிலும் மெழுகை உருக்கிப் பூசினார், முனை வழியாக ஈரம் அவசரப்பட்டு ஓடினால் மரம் வெடித்துவிடும் என்று.

பட்டறையோ தீப்பெட்டி. ஒன்பதடிப் பலகையைப் படுக்கவைக்க இடமில்லை. ஆகவே மரம் வீட்டுக் கூடத்துக்குக் குடிவந்தது. கீழே செங்கல், அதன்மேல் பலகை, குறுக்கே ஒரே கனத்தில் சீவிய குச்சிகள், மறுபடி பலகை, மறுபடி குச்சி, உச்சியில் கோணாமல் இருக்க மணல்மூட்டை. இடுக்குகளில் காற்று ஓட வேண்டுமென்று வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறியையும் அதன் பக்கம் திருப்பினார்.

"கட்டின பொண்டாட்டிக்கு முந்தானைக் காத்து, கட்டைக்குக் கரண்டுக் காத்தா?" என்றார் அவர் மனைவி.

"அங்குலத்துக்கு ஒரு வருஷம்மா. ஒன்றரை வருஷம், கூடப்போனா ரெண்டு."

"கல்யாணத்தப்பவும் எல்லாத்துக்கும் ரெண்டு வருஷம்தான் சொன்னீங்க."

அடுக்கு காய்ந்ததா என்று அடுக்கைக் கேட்க முடியாது. அதற்குத்தான் அந்தச் சிறு பலகை. நடுமரத்திலிருந்து வெட்டி, முனைகளில் மெழுகு பூசி, அடுக்கின் நடு இடுக்கிலேயே செருகிவைத்திருந்தார். மற்ற பலகைகளுக்கு என்ன ஆகிறதோ அதற்கும் அதே ஆகும். எடை குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுவிட்டால் மரம் காய்ந்தது என்று அர்த்தம். நான்கு கிலோ முந்நூறில் தொடங்கி, இரண்டு வருடத்தில் மூன்று கிலோ நூற்றிருபதுக்கு இறங்கியது. சுவரில் எண்கள் படிக்கட்டுபோல் இறங்கின.

அப்போதுதான் மகளிடமிருந்து செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு இந்த ஊருக்கே மாற்றல், மூன்று மாதத்தில் குழந்தைகளோடு வந்துவிடுவோம், வீடு கிடைக்கும்வரை அங்கேதான் என்று. மனைவி தீர்ப்பு எழுதினார்: "அதுக்குள்ள காஞ்சா அறுத்து பட்டறைக்குக் கொண்டுபோங்க. காயலன்னா எந்தம்பி எடுத்துக்கட்டும். பேரப்புள்ளைங்கள மணல்மூட்ட மேலயா படுக்கவைக்க முடியும்?"

தம்பி ரொட்டிக்கடை வைத்திருந்தான். விறகு அடுப்பு. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அக்காவைப் பார்க்க வந்து, அக்காவைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தான்.

"மாமா, நீங்க ரெண்டு வருஷமா காய வைக்கிறீங்க. எங்கிட்ட விடுங்க, ரெண்டு மணி நேரத்துல நல்லா காஞ்சிடும்."

"காஞ்சபிறகு மிச்சம் என்னடா இருக்கும்?"

"ரொட்டி இருக்கும் மாமா!"

தச்சர் கவலைப்படவில்லை. இன்னும் நான்கைந்து வாரத்தில் எடை நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு தராசு மூன்று கிலோ நூற்றெண்பது காட்டியது.

"புள்ள தேறிடுச்சுண்ணே!" என்றார் மளிகைக்காரர், மனசார.

தச்சர் முகம் செத்துப்போனது. அதற்கடுத்த வாரம் மூன்று இருநூற்று நாற்பது. அதற்கடுத்தது மூன்று இருநூற்றெண்பது. அவர் கூரையில் ஏறி ஓட்டைத் தேடினார். தரையில் காதை வைத்துத் தண்ணீர்க்குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டார். மணல்மூட்டையை நக்கிப் பார்த்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. விசிறியை இரவும் பகலும் ஓடவிட்டார். பலகை லேசாக வளையத் தொடங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்த்து, உள்ளுக்குள் ஏதோ நோய் என்று முடிவுகட்டினார்.

"வேற ஒரு பலகைய வெட்டி நிறுத்துப் பாக்கறதுதானே?" என்று மளிகைக்காரர் கேட்டபோது நியாயமான கேள்வி என்று தெருவே நினைத்தது. தச்சருக்கு அது அவமானமாகப் பட்டது. நாற்பத்திரண்டும் அலமாரிக்கு அளவெடுத்துவைத்த பலகைகள், ஒரு சாணைக்கூட வெட்ட மனசில்லை. தவிர, இரண்டு வருடம் உண்மை பேசிய சாட்சியைச் சந்தேகிப்பதா? கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது அவரே மச்சினனிடம் போய், "சனிக்கிழம வண்டி அனுப்பு," என்றார். மச்சினன் அன்று கேலிகூடப் பேசவில்லை. பிறகு தலைமையாசிரியை வீட்டு வாசல்வரை நடந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிட்டார்.

புதன்கிழமை வழக்கம்போல் ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போனவர், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு ஏழரைக்கே திரும்பினார். கொல்லைப்புற அடுப்பில் குளிக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவின் வாயை முக்கால்வாசி மூடிக்கொண்டு ஒரு பலகை கிடந்தது. மிச்சக் கால்வாசியில் ஆவி குபுகுபுவென்று வந்தது. கண்ணாடி இல்லாமலே அவருக்கு அந்தப் பலகையை அடையாளம் தெரிந்தது.

மனைவி கையில் சொம்போடு அப்படியே நின்றார்.

"ஏம்மா... இது என்னது?"

"மூடி."

"மூடியா?"

"தகர மூடி ஒடஞ்சுபோச்சுங்க. ஒரு மூடி வாங்கித் தாங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? நீங்க கட்டைக்கு நாடி புடிச்சிட்டு இருந்தீங்க. அளவு சரியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். நீங்க பட்டறையிலேர்ந்து வர்றதுக்குள்ள தொடச்சு எடத்துல வச்சிடுவேன். நீங்க தேடுவீங்கல்ல?"

"மூடி என்னைக்கு ஒடஞ்சுது?"

"என்னைக்கோ. பொண்ணு வரேன்னு சொன்னாளே, அந்த வாரம்."

தச்சர் சமையலறைக்கு ஓடினார். சுவரைப் பார்த்தார். எண்கள் ஏறத் தொடங்கிய தேதி அந்த வாரம்தான். மனைவி பின்னாலேயே வந்தார், திட்டு விழப்போகிறது என்று பதில்கள் தயாராக வைத்துக்கொண்டு. திட்டு விழவில்லை. தச்சர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"மரத்துக்கு ஒண்ணுமில்லம்மா. அது பாட்டுக்குக் காஞ்சிக்கிட்டிருக்கு. நான்தான் தெனமும் அதுக்கு வெந்நீர்ல ஆவி புடிச்சிருக்கேன்!"

"நீங்க எங்க புடிச்சீங்க, நான்தானே," என்றார் மனைவி, குற்றத்திலும் பங்கை விட்டுக்கொடுக்காமல்.

ஆனாலும் சாட்சி கெட்டுப்போன பிறகு வழக்கு நிற்காது. அடுக்கு உண்மையில் காய்ந்ததா என்று வேறு விதமாகத் தெரிந்தாக வேண்டும். அன்று மதியமே ஒரு பலகையின் நடுவில், கல்நெஞ்சோடு, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தார். தராசில் இருநூறு கிராம் நின்றது. அதை எடுத்துக்கொண்டு நேரே ரொட்டிக்கடை.

"இத அடுப்புல வை. எரியக் கூடாது, கருகக் கூடாது. சுத்தமா ஈரம் போகணும்."

"மாமா, இதுக்கு வெண்ண தடவட்டுமா?"

"வாய மூடிட்டு வைடா."

ரொட்டி எடுத்தபிறகு மிஞ்சும் இளஞ்சூட்டில் துண்டு உள்ளே போனது. மணிக்கொருமுறை வெளியே வந்து தராசில் ஏறியது. நூற்றுத் தொண்ணூறு. நூற்றெண்பத்து மூன்று. மறுநாள் காலை நூற்று எழுபத்தெட்டு. மறுபடி வைத்து எடுத்தும் நூற்று எழுபத்தெட்டு. மறுபடியும் அதேதான். "ரொட்டியக்கூட நான் இத்தன தடவ நிறுத்ததில்ல," என்று மச்சினன் முனகினான்.

தச்சர் கடைக்காகிதத்தில் கணக்குப் போட்டார். துண்டில் இருந்த ஈரம் இருபத்திரண்டு கிராம். காய்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு. அலமாரிக்கு அதற்குமேல் காய வேண்டியதில்லை. சந்தேகத்துக்கு இரண்டாம்முறை போட்டார். மூன்றாம்முறை மச்சினனைப் போடச் சொன்னார்.

"பன்னெண்டுதான் மாமா. அப்ப எனக்கு வெறகு இல்லயா?"

"சீவல் எல்லாம் ஒனக்கு. மூட்ட மூட்டயா வந்து அள்ளிக்கோ."

சனிக்கிழமை ரொட்டிக்கடை வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. அலமாரி அளவுக்கு அறுபட்ட பலகைகள் அதில் ஏறிப் பட்டறைக்குப் போய் இறங்கின. மளிகைக்காரர் கடையைப் பாதி அடைத்துவிட்டு வந்து ஒரு முனை பிடித்தார். மாலையில் முதல் பலகையை மேடையில் கிடத்தி இழைப்புளியை ஓட்டினார் தச்சர். சீவல் நாடாவாகச் சுருண்டு விழுந்தது. அடியில் பழுப்பும் பொன்னுமாக வரி தெரிந்தது. அவர் மூச்சு விட்டார். மூன்று மாதத்துக்கும் சேர்த்து விட்டதுபோல் இருந்தது.

மனைவி வாசலில் நின்று பார்த்தார். ஒருமுறை தும்மினார்.

"இதுக்கா ரெண்டு வருஷம்?"

"இதுக்குத்தான்."

அவர் உள்ளே வந்து விரலால் வரியைத் தடவினார். "டீச்சரம்மாவுக்குச் செஞ்சதும் எனக்கு ஒண்ணு செய்ங்க."

"எவ்வளவு உயரம் வேணும்?"

மனைவி தன் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினார். தச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.