குட்டைச் சங்கிலி

பாகன் ஒன்கேவுக்கு மூன்று நாளாகச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. மனைவி லம்பூன் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோற்றை வைத்து, மிளகாய்த் துவையலையும் பக்கத்தில் தள்ளி வைப்பாள். அவர் ஒரு கவளத்தை எடுத்து உருட்டுவார், உருட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் அது கோழிக்குப் போகும்.

"பரிசோதனை யானைக்குத்தானே, ஒங்களுக்கா?" என்றாள் லம்பூன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

அவளுக்குத் தெரியாதுதான். அவருடைய யானை மே புன்மா படுத்து எழுந்த இடத்தில், மழைக்காலம் முடிந்ததிலிருந்து மூன்று முறை ரத்தம் கிடந்தது. முதல் முறை காலில் முள் குத்தியிருக்கும் என்று நான்கு காலையும் தடவிப் பார்த்தார். முள் இல்லை. காலாலேயே மண்ணைத் தள்ளி ரத்தத்தை மூடினார். அடுத்த இரண்டு முறையும் எதையும் தேடவில்லை, மூடிவிட்டு வந்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம்.

கல்யாணம் மே புன்மாவுக்கு. சாயபூரி மலையில் பெண் யானை வேலைக்கு வந்துவிட்டால் பேருக்கு முன்னால் 'மே' சேர்த்துவிடுவார்கள், அம்மா என்று அர்த்தம். முப்பத்தெட்டு வயதாகியும் ஒரு குட்டி போடாதவளுக்கும் அதே மரியாதைதான். இப்போது ஏரிக்கரைக் காப்பகத்துக்கு வடக்கேயிருந்து கம்சென் என்ற கொம்பனைக் கொண்டு வந்திருக்கிறார்கள். எட்டு வருடமாக இந்தக் கரையில் யானை செத்திருக்கிறதே தவிர ஒரு குட்டி பிறக்கவில்லை. எல்லார் கண்ணும் மே புன்மா மேல்தான். முதலில் டாக்டர் அவள் கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும், சரியென்றால் புதுவருடம் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து விடுவார்கள். லம்பூன் அதற்குள் வாழையிலைக் கூம்பும் சாமந்தியுமாகத் தட்டு ஜோடிக்கத் தொடங்கிவிட்டாள், கழுத்தில் கட்ட வெள்ளை நூல்கூட முறுக்கி வைத்தாயிற்று.

ஒன்கேவ் பயந்தது ரத்தத்துக்கு மட்டுமில்லை. வேறொன்றும் இருந்தது.

மே புன்மா அவர் கைக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. மரம் இழுக்கிற காலம் அது. மலைமேல் மரம் வெட்டுகிற கூப்பு, கீழே லாரி, நடுவில் யானைதான். பெண் யானை சினையானால் இருபத்திரண்டு மாதம் சுமக்கும், அப்புறம் இரண்டு மூன்று வருடம் பால் கொடுக்கும். அத்தனை நாளும் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அதனால் பருவம் வந்து, காட்டுக்குள் கொம்பன் பிளிறுகிற சத்தம் கேட்டால், பாகன்கள் பெண் யானையைக் குடிசைக்குப் பக்கத்து மரத்தில் குட்டைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். காய்ந்த மிளகாயைப் புகைய விடுவார்கள், மூங்கிலைத் தட்டுவார்கள். கொம்பன் இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போய்விடும். இதைத் தப்பென்று சொன்னவர் ஒருவர் உண்டா அந்தக் காலத்தில்? கெட்டிக்காரப் பாகன் என்றுதான் பேர்.

ஒன்கேவும் அப்படிப் பேர் எடுத்தவர். மே புன்மா ஒருநாளும் முரண்டு பண்ணியதில்லை. குட்டைச் சங்கிலியோடு அவர் வருவதைப் பார்த்தால் தானே மரத்தடிக்குப் போய் முன்காலைத் தூக்கிக் கொடுப்பாள். 'எம் பொண்ணு எவ்வளவு பதவிசு பாரு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மரம் இழுப்பது நின்றுபோய் காப்பகத்துக்கு வந்த பிறகு, அந்தச் சங்கிலியை மச்சினன் சீத்தோனிடம் கொடுத்துவிட்டார். அன்றோடு அது முடிந்தது என்று நினைத்தார்.

காலையில் டாக்டர் பைலின் வந்தாள். மே புன்மாவை மரச்சட்டத்துக்குள் நிறுத்தினார்கள். ஒன்கேவ் தலைப்பக்கம் நின்று கரும்பு கொடுத்தார். டாக்டர் தோள்வரைக்கும் உறை மாட்டி, பின்பக்கம் கையை விட்டு, முதலில் சாணத்தை வாரி வாரி வெளியே போட்டாள்.

"டாக்டரம்மா, போனது போனீங்க, போன வருசம் தொலஞ்ச என் கத்தி உள்ள கெடக்குதான்னு பாருங்க" என்றான் சீத்தோன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐம்பது வயதாகியும் அவன் வாய் அடங்கவில்லை.

ஒன்கேவ் சிரிக்கவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த கருவி உள்ளே போனது. பெட்டித்திரையில் மழைநாள் வானம் மாதிரி சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் கை ஓரிடத்தில் நின்றது புரிந்தது. நகர்ந்தது, மறுபடி நின்றது. ஐந்தாவது முறை நின்றபோது கரும்பு அவர் கையிலிருந்து கீழே விழுந்தது. மே புன்மா அதைப் பொறுக்கித் தின்றாள்.

டாக்டர் உறையைக் கழற்றிவிட்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "பெரியப்பா, இவளுக்கு ரத்தம் ஏதாச்சும் போச்சா?"

"மூணு தடவ."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னுடுவீங்களே."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கர்ப்பப்பை பூரா கட்டி பெரியப்பா. ஒண்ணு ரெண்டு இல்ல. பெருசு ஒண்ணு இளநீர் அளவு இருக்கு."

"செத்துருவாளா?"

"இல்ல. இது பரவி உசுர எடுக்கற கட்டி இல்ல. ரத்தம் போறதக் கொறைக்க ஊசி போடலாம். ரொம்ப நாள் இருப்பா. ஆனா குட்டி தங்க அங்க எடமில்ல. கொம்பன் பக்கமே விடக்கூடாது."

"அறுத்து எடுங்க. மனுசங்களுக்கு எடுக்கறாங்கல்ல. லம்பூன் அக்காவுக்கு எடுத்தாங்க."

"யானைக்கு அந்த எடத்துல கத்தி வெச்சா பொழைக்காது."

அவர் தலையை ஆட்டினார். மூன்று நாளாகக் கேட்கப் பயந்து கிடந்ததைக் கேட்டார். "இது எதனால வந்துச்சு?"

"ஒரே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா குட்டி போடாத யானைங்களுக்குத்தான் அதிகம் பாக்கறோம். காட்டுல பொம்பள யானை சொமக்கும், பால் குடுக்கும், மறுபடி சொமக்கும். பருவம் வர்றதே கொஞ்சம் தடவதான். சொமக்காதவளுக்கு வருசத்துக்கு மூணு தடவ வந்து வந்து சும்மா போகுது. இருவது வருசம் அப்படிப் போனா அந்தப் பை என்ன பண்ணும்? தெக்க தீவுங்கள்ல காண்டாமிருகத்துக்கும் இதே கததான். இனமே அழியறப்ப கடைசியாப் புடிச்ச பொம்பள காண்டாமிருகம் சிலதுக்கு உள்ள கட்டி. சேர்த்து வெப்போம்னு நெனச்சப்ப நேரம் போயிருந்துச்சு." பிறகு சாதாரணமாகக் கேட்டாள், "மரம் இழுத்த காலத்துல இவகிட்ட கொம்பன் வந்ததே இல்லையா?"

"வந்துச்சு" என்றார் ஒன்கேவ். "நாந்தான் கட்டி வெச்சேன்."

டாக்டர் ஏரியைப் பார்த்தபடி நின்றாள். "இனிமே சீத்தோன் சித்தப்பாவோட சம்பாவ விட்டா வேற நாதியில்ல. பதினாறு வயசு. இந்தக் கரையில இவளுக்கு அடுத்து குட்டி போடற வயசுல இருக்கறது அவ ஒருத்திதான்."

சீத்தோனைத் தேடினால் ஆளைக் காணோம். கத்தி கிடக்கிறதா என்று கேட்டவன் எப்போது நழுவினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒன்கேவுக்குத் தெரிந்துவிட்டது. கொம்பன் வந்து இறங்கிய நாளிலிருந்து சம்பா ஏரிக்குக் குளிக்கவே வரவில்லை. தன் கவலையில் அவர் அதை யோசிக்கவே இல்லை. நேரே அவன் வீட்டுக்கு நடந்தார்.

சீத்தோனின் குடிசைக்குப் பின்னால் பலா மரத்தடியில் சம்பா நின்றிருந்தாள். முன்காலில் குட்டைச் சங்கிலி. பக்கத்தில் சட்டியில் மிளகாய் புகைந்தது. தூரத்தில் கம்சென் பிளிறியபோது அவள் காதை விரித்துத் திரும்பினாள், சங்கிலி இழுத்தது, நின்றாள்.

"மாப்ளே, கழட்டு."

"மச்சான், ஓம் பொண்ணு காரியம் கெட்டுப்போச்சுன்னா அதுக்கு எம்மேல பாயாத" என்றான் சீத்தோன். "லுவாங் பிரபாங் விடுதிக்காரன் சுற்றுலா வர்றவங்கள ஏத்த ஆறு மாசத்துக்குக் கேட்டிருக்கான். சினை யானைய எவன் கூப்புடுவான்? இந்த ஒரு தடவதான். அடுத்த வருசம் விட்டுடறேன்."

"நானும் அதத்தான் சொன்னேன். வருசத்துக்கு மூணு தடவ சொன்னேன். அறுபது தடவ சொல்லியிருப்பேன்."

"எல்லாரும்தான் செஞ்சோம்."

"எல்லாரும் செஞ்சோம். எத்தன குட்டி இருக்கு இப்ப? எண்ணிச் சொல்லு."

சீத்தோன் குச்சியால் மிளகாய்ச் சட்டியைக் கிளறினான்.

"உள்ள இளநீர் அளவு கட்டி வெச்சிக்கிட்டு நின்னாடா அவ. எனக்குக் கரும்பு குடுக்கத்தான் தெரிஞ்சுது. ரத்தத்தப் பாத்துட்டு மண்ணத் தள்ளி மூடினேன்." ஒன்கேவ் கையை நீட்டினார். "அது என் சங்கிலி. குடு."

"எடுத்துட்டுப் போ. ஆறு மாசம் எம் பிள்ளைங்க சோத்துக்கு நீ பதில் சொல்லு."

"சொல்றேன். எங்க ரெண்டு பேர் சோத்துலேருந்து சொல்றேன்."

சீத்தோன் முனகிக்கொண்டே குனிந்து கொக்கியை விடுவித்தான். புகைச் சட்டியையும் உதைத்துத் தள்ளினான். சம்பா உடனே நகரவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் காலை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

ஒன்கேவ் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். வாசலில் லம்பூன் தட்டோடு நின்றாள். யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், கண் சிவந்திருந்தது. "இந்த நூல என்ன பண்ண?"

"பாதிய சம்பாவுக்கு வை. மீதியக் குடு. மே புன்மாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."

புதுவருடத்தில் எல்லாப் பாகனும் நூல் கட்டி யானையிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அங்குசத்தால் குத்தியதற்கு, பசியோடு வேலை வாங்கியதற்கு என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். ஒன்கேவும் இருபத்து மூன்று வருடம் ஒப்பித்தவர்தான். அந்த வரிசையில் இது ஒருநாளும் இருந்ததில்லை. புதுவருடத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது, அவரால் பொறுக்க முடியவில்லை. சங்கிலியை இறக்கி வைக்கவும் தோன்றாமல், நூலைக் கையில் பிடித்தபடி ஏரிக்கரைக்கு இறங்கினார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.

மே புன்மா புல் மேய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். தோளில் கிடந்த சங்கிலியைப் பார்த்தாள். வாயிலிருந்த புல்லை மென்று முடித்துவிட்டு, மெதுவாக மரத்தடிக்கு நடந்து போய், அவருக்காக முன்காலைத் தூக்கிக் கொடுத்தாள்.